பதினொரு குதிரைகள் போதும்

மதுரையில் பழைய சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு இது மறுபிறவிக் காலம். காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய நூறு சிசி வண்டிகளை மாட்டுக்கொட்டகையிலிருந்தும் மாடிப்படியின் அடியிலிருந்தும் இழுத்து வந்து பட்டறை வாசலில் நிறுத்துகிறார்கள். நன்றாக மீட்டெடுத்த ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100க்கு இன்று சொல்லப்படும் விலையில் புது வண்டியே வாங்கிவிடலாம். அப்பாவின் வண்டி, தாத்தாவின் வண்டி என்று இருபது வயதுப் பிள்ளைகள் அதன் டேங்கைத் தடவிக்கொண்டு பேசுவதைக் கேட்க நமக்கும் இதமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த இதத்துக்கு நடுவே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மீட்கப்படும் வண்டிகளுள் பெரும்பாலானவை இரண்டு கதிகளில் ஒன்றை அடைகின்றன. ஒன்று, மெழுகு பூசிய உற்சவமூர்த்தியாகிப் போர்வைக்குள் வாழ்வது. படம் எடுக்க மட்டும் வெளியே வருவது. மற்றொன்று, சைலன்சரின் குடல் உருவப்பட்டு, சிலிண்டர் அராவப்பட்டு, நள்ளிரவில் தெருவையே எழுப்பிக்கொண்டு பறப்பது. இரண்டுமே அந்த வண்டிக்கு இழைக்கும் அநீதி என்பது நம் கட்சி. பழையபடி ஆக்க வேண்டியது எஞ்சினை. புதிதாகச் சேர்க்க வேண்டியது பிரேக்கிலும் விளக்கிலும் டயரிலும். நடப்பதோ நேர் எதிர். எஞ்சினைத் தம் விருப்பம்போல் மாற்றிவிட்டு, முப்பது வருடப் பழைய பிரேக் ஷூவை மட்டும் "ஒரிஜினல்" என்று பெருமையோடு காப்பாற்றுகிறார்கள்.

வண்டி என்ற பேச்சு மதுரைக்குப் புதிதல்ல. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் பேருந்து ஓட்டத் தொடங்கியது இவ்வூரில்தான். அந்தக் குடும்பத்தின் நிறுவனம் பின்னர் ஓசூரில் ஆலை கண்டு, 1980இல் டிவிஎஸ் 50 என்னும் இருவர் அமரும் மொபெட்டை வெளியிட்டது. மதுரையைச் சுற்றிய சமவெளியில், மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும், மாட்டுவண்டிக்கும் மோட்டாருக்கும் இடையில் இருந்த பள்ளத்தைத் தூர்த்தது அந்த ஐம்பது சிசி வண்டிதான். 1984இல் அதே ஓசூரிலிருந்து சுசுகியின் கூட்டில் இண்ட்-சுசுகி வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ் கேபி 100 என நூறு சிசி வண்டிகள் வரிசையாக இறங்கின. இவற்றுள் ஹோண்டா ஒன்றே நான்கு ஸ்ட்ரோக்; ஏனையவை இரண்டு ஸ்ட்ரோக். இன்று மீட்கப்படுபவை, பிரதானமாக, அந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளே. அவற்றுள்ளும் 1985 முதல் 1996 வரை செய்யப்பட்ட ஆர்எக்ஸ் 100க்குத்தான் பக்தர்கள் அதிகம். 50 மில்லிமீட்டர் உள்விட்டம், 50 மில்லிமீட்டர் ஓட்டம், 98 சிசி, 7500 சுழற்சியில் 11 குதிரைத்திறன், நான்கு கியர், ஏறத்தாழ நூறு கிலோ எடை. இவ்வளவுதான் அதன் ஜாதகம்.

மீட்பு என்பது என்ன என்ற கேள்விக்கு இயந்திரவியல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்கு அது தெரிந்த விஷயமே. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்தது இதைத்தான். கிடைத்த சுவடிகளையெல்லாம் ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார், செல்லரித்துப் போன இடத்தில் தாமே ஓர் அடி எழுதி ஒட்டவில்லை, சிதைந்ததைச் சிதைந்தது என்றே காட்டினார். வண்டியை மீட்பவனும் ஒருவகையில் பதிப்பாசிரியன்தான். எது தயாரிப்பாளர் கொடுத்தது, எது இடையில் வந்த நாலைந்து உரிமையாளர்கள் செருகியது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைச் சாக்கில் கட்டி வைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். இந்த நோட்டு வைக்கும் பழக்கத்தை மட்டும் நம் இளைஞர்களிடம் உண்டாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய வண்டியை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் ஒரு பாடபேதத்தைத்தான்: ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இரும்பில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்பது. ஒத்துப்போகாவிட்டால் பெயின்ட் எவ்வளவு அழகாயிருந்தாலும் திரும்பி வந்துவிடுவதே உத்தமம். நாலு வண்டியை அறுத்து ஒரு வண்டி செய்து விற்பதும் இந்த மோகத்தின் நிழலில் நடக்கிற தொழில்தான்.

நிற்க. எஞ்சினைப் பழையபடி ஆக்குவது என்றால் என்ன என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டறைகளில் அதிகம் ஏமாற்றப்படுவதும் அதிகம் அவசரப்படுவதும் இங்கேதான். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளைப் பிஸ்டன் மூடியும் திறந்தும் வேலை நடத்துகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கீழே கிராங்க் இருக்கும் அறைக்குள் வந்து, அங்கே அழுத்தப்பட்டு, பிறகு மேலே ஏறுகிறது. ஆகவே அந்தக் கீழறை காற்றுப் புகாமல் இருப்பது உயிர்நாடி. கிராங்கின் இருபுறமும் உள்ள இரண்டு ஆயில் சீல்கள், கைக்கு அடக்கமான ரப்பர் வளையங்கள், அந்தக் காவலைச் செய்கின்றன. மேக்னெட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும், சூடு ஏறும், ஒருநாள் பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொண்டு "சீஸ்" ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர் பெட்டியின் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடித்து வெண்புகை கக்கும். தெருவில் போகும் பழைய வண்டி மேகம்போல் புகை விடுவதைப் பார்த்து, இரண்டு ஸ்ட்ரோக் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறோம். பல சமயங்களில் குற்றவாளி அந்த அற்ப விலைச் சீல்தான். ஆனால் அதை மாற்ற எஞ்சினை முழுவதும் பிளக்க வேண்டும், கூலி அதிகம். எனவே பெயின்ட் அடிக்கும் செலவில் அது அடிபட்டுப் போகிறது.

அடுத்தது போர் போடுவது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் போடலாம். அந்தப் படிகள் தீர்ந்தால் ஸ்லீவ் மாற்ற வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு. பிஸ்டன் கைக்கு வந்தபின் அதை அளந்து, அதற்கேற்பக் கடைகிற லேத் காரர் மதுரையில் இன்னும் இருக்கிறார். பிஸ்டனைப் பார்க்காமலே "பாயிண்ட் ஐம்பதுதானே" என்று கடைந்து வைக்கிறவரும் இருக்கிறார். இருவருக்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். முதலாமவரிடம் காத்திருக்க வேண்டும் என்பதால் இரண்டாமவரிடம் கூட்டம்.

எஞ்சினை "ஏற்றுவது" பற்றி இனிச் சொல்லலாம். இதன் பூர்வ கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் பேனமுண்டே ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய வால்டர் காடன் என்ற ஜெர்மானியர், போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பந்தயப் பிரிவை ஏற்றார். வெளியேறும் புகையின் அலை சைலன்சரின் கூம்பில் மோதித் திரும்பி வரும்போது, வழிதவறி வெளியே ஓடிய புதுக் கலவையை அது மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுமாறு புகைக்குழாயை வடிவமைத்தால் எஞ்சினின் வலிமை பெருகும் என்று அவர் நிறுவினார். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவைத் தொட்டது. அதே ஆண்டு, பெர்லின் சுவர் எழுந்த சில வாரங்களில், ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று, கற்ற வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் 50 சிசி பிரிவின் உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. அந்தச் சுசுகியோடுதான் ஓசூர் பின்னாளில் கைகோத்தது. 2001 வரை அந்த உறவு நீடித்தது. ஆக, நம் ஊர்ப் பட்டறையில் "எக்ஸ்பான்ஷன் சேம்பர்" என்று தகரத்தை வளைத்து ஒட்டும் பையன், பனிப்போர்க் காலத்து ரகசியம் ஒன்றைத்தான் தன்னையறியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவனைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை.

குறை வேறிடத்தில். காடன் செய்தது பந்தயத்துக்கு. அந்த அலை திரும்பி வருகிற நேரமும் துளை மூடுகிற நேரமும் ஒரு குறுகிய சுழற்சி வேகத்தில்தான் ஒத்துப்போகும். அந்த வேகத்தில் எஞ்சின் பேயாய் இழுக்கும். அதற்குக் கீழே முன்பைவிட மந்தமாகிவிடும். வெளியேற்றும் துளையை அராவி உயர்த்தினாலும் அதே கதைதான்: மேல் வேகத்தில் வந்தது கீழ் வேகத்தில் போய்விடும். தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினாலோ, சித்திரை வெயிலில் 40 பாகையில் ஓடும் காற்றுக் குளிர்விப்பு எஞ்சினுக்கு அது நோயை விலைக்கு வாங்குவது. பந்தய எஞ்சினை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பார்கள். நம் பிள்ளைகளோ அப்படி அராவிய வண்டியில் திருமங்கலம் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வர வேண்டும் என்கிறார்கள்.

மதுரையின் தெருக்கள் இதைவிடத் தெளிவாகவே பதில் சொல்கின்றன. கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாகப் போகிற ஊர் இது. சித்திரை வீதிகளில் வாகனம் நுழைய அனுமதியில்லை. ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும் தள்ளுவண்டி, சுமைதூக்குவோர், கல்யாண ஜவுளி எடுக்க வந்த கிராமத்துக் குடும்பங்கள், திரும்பும் முனையில் படுத்திருக்கும் பசு. வெளி வீதிகளைத் தாண்டி வைகையைக் கடக்க யானைக்கல்லுக்கோ 1889இல் கட்டிய ஏ.வி. பாலத்துக்கோ போனாலும் கோரிப்பாளையத்து நெரிசல் காத்திருக்கிறது. இந்த நகரத்தில் ஒரு வண்டிக்கு வேண்டியது இரண்டாவது கியரில், மணிக்கு 20 கிலோமீட்டரில், திக்காமல் திணறாமல் இழுக்கும் குணம். ஆர்எக்ஸ் 100ஐச் செய்தவர்கள் அந்தக் குணத்தைத்தான் அதற்குக் கொடுத்திருந்தார்கள். எடை குறைவு, பிடிப்பு உடனே. அந்த 11 குதிரைகளை 15 ஆக்குகிறவர்கள் உண்மையில் செய்வது, மாசி வீதியில் வேலை செய்துகொண்டிருந்த குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய் நான்குவழிச் சாலையில் கட்டுவதுதான்.

அந்த நான்குவழிச் சாலையில்தான் உயிர் போகிறது. ஊரைச் சுற்றிய சமவெளி பார்வைக்கு வெறும் தட்டை. இருட்டிய பிறகு அதன் சாலைகள் வேறு. பின்விளக்கில்லாத டிராக்டர், கரும்பு ஏற்றிய டிப்பர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மொபெட், சாலையைக் கடக்கும் ஆட்டுக் கிடை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. வண்டியின் ட்ரம் பிரேக்கும் மங்கல் விளக்கும் 1980களின் சாலைக்கும் போக்குவரத்துக்கும் அளவெடுத்தவை. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளுக்கு, 125 சிசி வரை இரு பிரேக்கையும் இணைத்து இயக்கும் ஏற்பாடும், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடும் கட்டாயம். 2017 முதல் பகலிலும் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதும் விதி. நம் கிழட்டு வண்டி இவை எதுவுமில்லாமல் அவற்றின் நடுவே ஓடுகிறது. 2023இல் திறந்த, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில், நின்று பழகாத ஒரு வண்டி அவிழ்த்துவிட்ட எஞ்சினோடு ஏறுவதை நினைத்தாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே மேம்பாடு என்று எதையாவது செய்வதானால் அதன் வரிசை இப்படி இருக்கட்டும் என்போம். முதலில் ட்ரம்மை லேத்தில் ஏற்றி உள்வட்டத்தைச் சமன் செய்து, நல்ல கம்பெனியின் புது ஷூவும் புது கேபிளும் போடுவது. ட்ரம் பிரேக்கைத் திட்டுகிறவர்களில் பலர் சரியாக அமைந்த ட்ரம் பிரேக்கைப் பிடித்துப் பார்த்ததில்லை. பிறகு டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்று பத்து வருட டயரை வைத்திருக்கிறார்கள். அது ரப்பர் அல்ல, மரம். அதன் பின் ஹேண்டிலின் கோன் செட், பின் சக்கரக் கையின் புஷ். இவை ஆடினால் வண்டி நேராக நிற்காது. பிறகு விளக்கு. 6 வோல்ட் வண்டியாயிருந்தால் மேக்னெட்டின் விளக்குக் காயிலை மறுபடி சுற்றி 12 வோல்ட்டாக்கி, ரெகுலேட்டர் வைத்து, நல்ல ஹாலஜன் பல்ப் போடலாம். கண்ணைக் கூசும் வெள்ளை எல்ஈடி வேண்டாம்; இழை பல்புக்காகச் செய்த பிரதிபலிப்பான் அதன் ஒளியைச் சிதறடித்து, நமக்குச் சாலையையும் காட்டாது, எதிரே வருகிறவரையும் குருடாக்கும். பாயிண்ட் வைத்த வண்டிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதையும் நாம் ஏற்போம், தூய்மைவாதிகள் கோபிக்கட்டும். மழையில் நனைந்த பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு கப்பலூர் சுங்கச்சாவடி அருகே நிற்பதில் பாரம்பரியம் ஒன்றும் இல்லை.

இந்த வரிசையை நமக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பிரேக் ஷூவுக்குக் காசு கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க தம்பி. ஸ்டிக்கருக்குன்னா கேக்குறதுக்கு முந்தியே ஜிபே வந்துரும்" என்றார். நாற்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிற கை. அவருடைய மகன் கணினி படித்து வேறூருக்குப் போய்விட்டான். அவரிடம் தொழில் கற்க இப்போது ஒருவருமில்லை. பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்த்தே, காப்பிப் பொடி நிறமா, வெளுப்பா, கரியா என்று வைத்துக் கலவையின் குணம் சொல்கிற அறிவு, செல்பேசியில் பிழைக்குறி படிக்கிற அடுத்த தலைமுறைக்குத் தேவைப்படாது. தேவைப்படாத அறிவு மறைவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மீட்கும் மோகத்தில் புழங்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கையிடம் போனால், அது இன்னும் சில வருடங்கள் புழங்கும். ஸ்டிக்கர் கடைக்கு வேறு பிழைப்பு உண்டு.

எஞ்சினைத் தொடக்கூடாது என்று இவ்வளவு சொன்ன நாமே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2025 முதல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கால கார்புரேட்டர் அதற்கு அமைந்ததன்று. வெறும் பெட்ரோல் முழுதும் எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். இ20க்கு அது சுமார் 13.5 மடங்குதான். கார்புரேட்டரோ பழைய கணக்கிலேயே காற்றை விடுகிறது. ஆக எந்தக் கோளாறும் இல்லாமலே கலவை மெலிகிறது, எஞ்சின் கூடுதலாகச் சுடுகிறது. இரண்டு ஸ்ட்ரோக்கில் மெலிந்த கலவையின் முடிவு மேலே சொன்ன சீஸ்தான். மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு எண் பெரியதாக மாற்றி, பிளக்கின் நிறம் பார்த்து நிறுத்துவது மீட்பின் பகுதியே. கவ்விவிடுமோ என்று பயந்து 2டி ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதே ஜெட் வழியே ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். கலவை இன்னும் மெலியும். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் ஊதச் செய்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரம் மிகும்போது பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீரோடு டேங்கின் அடியில் தங்குகிறது. ஐப்பசி மழைக்கு முன் போர்வை போர்த்தி, தை பிறந்து எடுக்கிற வண்டியின் டேங்குக்குள் எட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். கிராங்க் பேரிங்குகளும் அப்படியே. ஓடாத எஞ்சினில் எண்ணெய்ப் படலம் வடிந்துபோன இடத்தில் துரு ஏறுகிறது. வாரத்துக்கு இருமுறை அழகர்கோயில் வரையாவது போய் வருகிற வண்டிக்கு இந்த நோய்கள் அண்டுவது குறைவு. போர்வைக்குள் வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

சட்டம் இந்த வேறுபாடுகளையெல்லாம் பார்ப்பதில்லை என்பது நம் இன்னொரு வருத்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, விதிமீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். செவியைக் கிழிக்கும் சைலன்சருக்கு இது தகும். நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரு நூறு சிசி வண்டிக்கு முன்பக்க டிஸ்க் பிரேக் வைக்க விரும்புகிறவரும் இதே எழுத்துக்குள்தான் அடைபடுகிறார். ஓடவைக்கும் மாற்றத்தையும் நிறுத்தவைக்கும் மாற்றத்தையும் பிரித்துப் பார்த்து, இரண்டாவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சோதித்துச் சான்று தரும் எளிய வழியொன்று வேண்டும். பதினைந்து வருடம் முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022இல் 300 ரூபாயிலிருந்து 1000 ஆக்கினார்கள். இருபது வருடம் கடந்த வண்டிக்கு 2025இல் 2000 ஆக்கினார்கள். பணம் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்குகிற அந்த நாளில் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள் என்கிறோம்.

இவ்வளவும் பேசும்போது புகையை மறைத்துவிட முடியாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே வெளியே விடும் படைப்பு. அதைச் சரிசெய்ய முடியாமல்தான் அந்த வண்டிகள் நின்றுபோயின. சீல் நல்லதாகவும் ஆயில் அளவோடும் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் புகை அடங்கும். கண்ணுக்குத் தெரியாதது அடங்காது. தினமும் நாற்பது கிலோமீட்டர் அலுவலகம் போய்வர இந்த வண்டி வேண்டும் என்பவரிடம், ஒரு நான்கு ஸ்ட்ரோக்கோ மின்சார வண்டியோ வாங்குங்கள் என்றுதான் சொல்வோம். எஞ்சியிருப்பவை சில, அவை ஊருக்குள் சிறிது தூரம், அளவோடு ஓடட்டும் என்பதே நம் கோரிக்கை. இதில் முரண் இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னால் மறுக்கமாட்டோம்.

கடைசியாக ஒன்று. இந்த மீட்பு அலையில் டிவிஎஸ் 50ஐ எடுத்துச் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் வேகம் இல்லை, சத்தத்தில் கம்பீரம் இல்லை, படத்தில் அழகாகத் தெரிவதுமில்லை. பால்கேனும் தண்ணீர்க்குடமும் வாழைத்தாரும் புல்லுக்கட்டும் சுமந்து சுமந்து, சட்டம் வளைந்து, பாதி வயதிலேயே இரும்புக்கடைக்குப் போன வண்டி அது. விடிவதற்கு முன் மல்லிகை மூட்டையோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து நின்ற மொபெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாவட்டத்தின் உண்மையான மோட்டார் சரித்திரம் எதன் சக்கரத்தில் ஓடியது என்று தெரியும். இந்தியாவின் பெட்ரோல் மொபெட்டுகளில் இன்றும் தயாரிப்பில் இருப்பது அதன் வாரிசுதான்; அதுவும் 2015இல் எக்ஸ்எல் 100 வந்தபோது நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. பழைய ஐம்பது சிசி ஒன்றை முழுதும் மீட்க ஆகும் செலவு, ஆர்எக்ஸ் 100க்குக் குரோமியம் பூசும் செலவை ஒட்டித்தான் வரும். முதல் டிவிஎஸ் 50க்கு 2030இல் ஐம்பது வயது நிறைகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை "வின்டேஜ்" என்று பதிந்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அப்படிப் பதிந்துகொள்ள 20,000 ரூபாய் கட்ட வேண்டும். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு அதைச் சாலையில் ஓட்டக்கூடாது. அதாவது, பூமூட்டை ஏற்றக்கூடாது.